டர்ன்பெரிக் கடற்கரையில் நான்கு நாட்கள்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வரலாற்று விடைத்தாள்களைத் திருத்தியவன் நான். அவற்றில் ‘அதிசயமாக’ என்னும் சொல்லை எங்கே கண்டாலும் அதன்கீழ்ச் சிவப்பு மையால் ஒரு கோடு இடுவது என் வழக்கம். ‘அதிசயமாக வென்றான்’ என்று ஒரு மாணவன் எழுதினால், வென்றதற்குரிய காரணத்தை அவன் படித்து வரவில்லை என்றே நான் கொள்வேன். கண்டிப்பு மிகுதி என்று மாணவர்கள் முணுமுணுத்ததும் உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட நிகழ்ச்சியோ, உலகப் பத்திரிகைகள் பலவும் அதிசயம் என்றே வருணித்த ஒன்று. சிவப்புக் கோட்டை இங்கேயும் இடலாமா என்பதை நீங்களே கேட்டு முடிவு செய்யுங்கள்.

2009-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16-ஆம் நாள் முதல் 19-ஆம் நாள் வரை, ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையில் உள்ள டர்ன்பெரி என்னும் இடத்தில், ‘ஓப்பன்’ என்று வழங்கும் கோல்ப் பந்தயம் நடைபெற்றது. கோல்ப் உலகின் நான்கு பெரும் பந்தயங்களுள் அதுவே மிகப் பழையது. 156 ஆட்டக்காரர்கள் களம் புகுந்தனர். அவர்களுள் ஒருவர் அமெரிக்கரான டாம் வாட்சன். அவருக்கு 60 வயது நிறைய ஏழு வாரங்களே எஞ்சியிருந்தன. ஒன்பது மாதங்களுக்கு முன்புதான் அறுவை செய்து, இடது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டைப் பொருத்தியிருந்தார்கள். அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரு காலத்துப் பெருவீரர், மரியாதைக்காக வந்து ஆடிவிட்டுப் போகிறார் என்றே நினைத்தார்கள். அந்த மனிதர் நான்காம் நாள் மாலை, 72 குழிகளுள் 71 குழிகளை ஆடி முடித்த நிலையில், எல்லோருக்கும் முன்னால் நின்றார்.

கோல்பை நேரில் காணாதவர்கள் உங்களுள் பலர் இருக்கலாம். நானும் அதை ஆடியவன் அல்லன். ஒருமுறை கல்விச் சுற்றுலாவாக மாணவர்களை உதகமண்டலத்துக்கு அழைத்துச் சென்றபோது, ஒரு கோல்ப் திடலின் ஓரமாக எங்கள் பேருந்து சிறிது நேரம் நின்றது. நரைத்த தலையினர் இருவர் மெல்ல நடந்து சென்று, நின்று, பந்தை அடித்து, மீண்டும் நடந்தனர். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், “ஐயா, ஓட்டமே இல்லையே, இதுவும் ஒரு விளையாட்டா?” என்று கேட்டான். எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் சிரித்தார். எனக்கு அன்று விடை தெரியவில்லை. டர்ன்பெரியைப் பற்றிப் படித்தபோதுதான் அந்தப் பையனின் கேள்வி எவ்வளவு நல்ல கேள்வி என்பது விளங்கிற்று.

ஆட்டத்தின் விதி எளியது. பரந்த வெளியில் ஒன்றுக்கொன்று தொலைவில் 18 குழிகள். ஒவ்வொரு குழியிலும் பந்தை விழச் செய்ய எத்தனை அடிகள் ஆயின என்று எண்ணிக்கொண்டு வருவார்கள். குறைந்த அடிகளில் முடிப்பவரே வென்றவர். திறமையான ஆட்டக்காரருக்கு இத்தனை அடிகள் போதும் என்று ஒவ்வொரு திடலுக்கும் ஒரு கணக்கு உண்டு. டர்ன்பெரியில் அது 70. பெரும் பந்தயங்களில் நான்கு நாட்கள், நாளொன்றுக்கு 18 குழிகள் ஆட வேண்டும். ஓட்டம் இல்லை என்று அந்த மாணவன் சொன்னது உண்மைதான். ஆயினும் இன்றைய இளைஞர்கள் உடற்பயிற்சியால் முறுக்கேறிய தோள்களோடு பந்தை முன்னூறு கெஜத்துக்கு மேல் அனுப்புகிறார்கள். வயது ஏற ஏற அடியின் நீளம் குறைகிறது. ஆகவே முதியவர் இவ்வாட்டத்தை ஆடலாம், பெரும் பந்தயத்தில் வெல்லுதல் அரிது என்பதே அனுபவம். அன்றுவரை நான்கு பெரும் பந்தயங்களுள் ஒன்றை வென்றோருள் மிக மூத்தவர் ஜூலியஸ் போரோஸ். 1968-இல் அமெரிக்காவின் பி.ஜி.ஏ. பந்தயத்தை அவர் வென்றபோது வயது 48. வாட்சன் அவரைவிடப் பதினொரு வயது மூத்தவர்.

இனி அந்த நிலத்தைப் பார்ப்போம். என் கருத்தில் இக்கதையின் பாதி விடை நிலத்திலேயே இருக்கிறது.

டர்ன்பெரி, ஏர்ஷயர் மாவட்டத்தின் கடலோரச் சிற்றூர். அங்கே ஒரு பழங்கோட்டையின் இடிபாடு உண்டு. ஸ்காட்லாந்தின் விடுதலை மன்னன் ராபர்ட் புரூஸின் தாய்வழிக் கோட்டை அது. அவ்விடிபாட்டின் நடுவே 1873 முதல் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. எதிரே கடலில் குவிந்த நெற்குதிர்போல் எய்ல்சா கிரேக் என்னும் பாறைத் தீவு தோன்றும். திடலின் பெயரும் எய்ல்சா என்பதே. இரண்டு உலகப் போர்களிலும் இத்திடல் விமானத் தளமாக மாற்றப்பட்டது. முதற்போரில் வானிலிருந்து சுடும் பயிற்சி இங்கே அளிக்கப்பட்டது. பயிற்சியிலும் போரிலும் மாண்டோர்க்கு எடுத்த நினைவுத்தூண் பன்னிரண்டாம் குழிக்கு மேலுள்ள குன்றில் இன்றும் இருக்கிறது. இரண்டாம் போரில் புல்தரையின்மேல் காங்கிரீட் ஓடுபாதைகளையே போட்டுவிட்டார்கள். இனி இது திடலாகாது என்று பலர் கைவிட்ட நிலையில், மெக்கன்சி ராஸ் என்னும் திடல் அமைப்பாளர் காங்கிரீட்டைப் பெயர்த்தெடுத்து, மண் பரப்பி, புல் வளர்த்தார். 1951-இல் திடல் மீண்டும் திறக்கப்பட்டது. முடிந்துபோயிற்று என்று கருதப்பட்ட நிலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் பின்வாங்கிவிட்டுச் சென்ற மணல்மேடுகளில் அமைந்த இத்தகைய திடல்களின் இயல்பே வேறு. உள்நாட்டுத் திடல்களில் ஈரமான, மெத்தென்ற புல்தரை இருக்கும். உயர அடித்த பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். கடலோர மணற்றரையோ இறுகியது. பந்து விழும், துள்ளும், பிறகு தன் விருப்பம்போல் உருண்டோடும். கடற்காற்றும் ஒரு பக்கம். இங்கே தோள்வலிமை மட்டும் போதாது. பந்து எங்கே விழவேண்டும் என்பதைவிட விழுந்தபின் எங்கே ஓடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவு ஒரே நாளில் வருவதன்று. வாட்சனுக்கே தொடக்கத்தில் இவ்வகைத் தரை பிடிக்கவில்லை. நேராக அடித்த பந்து கோணலாகத் துள்ளினால் யாருக்குத்தான் பிடிக்கும்? தரையோடு சண்டையிடுவதை விட்டு அதனோடு உடன்பட்டுப் போகக் கற்றது சில ஆண்டுகளுக்குப் பின்னரே என்று அவரே சொல்லியிருக்கிறார்.

1949-இல் கான்சஸ் நகரில் பிறந்து, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்ற இவர், 1975, 1977, 1980, 1982, 1983 ஆகிய ஆண்டுகளில் ஐந்து முறை ஓப்பன் பந்தயத்தை வென்றார். அவற்றுள் 1977-ஆம் ஆண்டு வெற்றி இதே டர்ன்பெரியில் நேர்ந்தது. அன்று வாட்சனுக்கு 27 வயது. எதிரே நின்றவர் 37 வயதான ஜாக் நிக்லஸ், அக்காலத்தின் தலைசிறந்த வீரர். கடைசி இரண்டு நாட்களில் வாட்சன் 65, 65 அடிகள். நிக்லஸ் 65, 66 அடிகள். ஒரே ஓர் அடியில் வெற்றி. மூன்றாம் இடத்தவர் நிக்லஸுக்குப் பத்து அடிகள் பின்னால் இருந்தார் என்றால், அவ்விருவரும் எந்த உயரத்தில் ஆடினார்கள் என்பது விளங்கும். கடைசிக் குழியில் தோற்ற நிக்லஸ் வென்றவரின் தோளில் கைபோட்டு அழைத்துச் சென்ற காட்சியை இன்றும் பேசுகிறார்கள்.

பிறகு இறங்குகாலம் வந்தது. 1984-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் ஆறாம் வெற்றி கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அது கிடைத்திருந்தால் ஆறுமுறை வென்ற ஹாரி வார்டனுக்கு இணையாகியிருப்பார். பதினேழாம் குழியில் அவர் அடித்த பந்து புல்தரையைத் தாண்டிச் சாலையில் விழுந்தது. வெற்றி செவே பயஸ்டெரோஸைச் சேர்ந்தது. அதன்பின் வாட்சனுக்கு ஒரு நோய்போல் வந்தது குறுந்தொலைவில் பந்தைத் தட்டும்போது ஏற்பட்ட கைத்தடுமாற்றம். இருநூறு கெஜத்துக்கு அப்பால் குறிதவறாது அடிப்பவர், இரண்டு கெஜத்தில் தவறினார். 1987-க்கும் 1996-க்கும் இடையே அமெரிக்கத் தொடர்ப் பந்தயங்களில் அவருக்கு ஒரு வெற்றிகூட இல்லை. 1994-இல் இதே டர்ன்பெரியில் இரண்டு நாள் முடிவில் முன்னணியில் நின்றும் இறுதி நாளில் பின்தங்கினார். ஆயினும் 2003-இல் மூத்தோர்க்கான ஓப்பன் பந்தயத்தை அங்கேயே வென்றார். எனவே 2009-இல் டர்ன்பெரிக்கு வந்தவர் அந்நிலத்தின் மேடு பள்ளங்களை முப்பத்திரண்டு ஆண்டுகளாக மனத்தில் சுமந்தவர். அவரோடு போட்டியிட்ட இளைஞர்களுள் சிலர் அவர் அங்கே முதன்முறை வென்றபோது பிறக்கவே இல்லை.

முதல் நாள் கடல் அமைதியாக இருந்தது, காற்று மிகுதி இல்லை. அது மூத்தவருக்கு ஒரு சலுகை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று அவரோடு ஒரே குழுவில் ஆடியவர்களுள் ஒருவன் இத்தாலியச் சிறுவன் மத்தேயோ மனசெரோ. வயது 16. தாத்தாவும் பேரனும்போல் அவர்கள் நடந்தார்கள். தாத்தா 65 அடிகளில் முடித்தார். 64 அடித்த ஸ்பெயின் நாட்டு மிகேல் ஏஞ்சல் ஹிமெனெஸ் ஒருவரே அவருக்கு முன்னால் இருந்தார். இரண்டாம் நாள் காற்று எழுந்தது. வாட்சன் 70. நெடுந்தொலைவிலிருந்து தட்டிய பந்துகள் குழிக்குள் விழ, ஸ்டீவ் மரினோவுடன் சமமாக முன்னணியில் நின்றார். அக்காலத்தில் உலகின் முதல்வரான டைகர் உட்ஸ் அந்த இரண்டு நாட்களோடு வெளியேற்றப்பட்டார். கரடுமுரடான புல்லும் காற்றும் அவரையே வீழ்த்தின என்றால் திடலின் கடுமையை உணரலாம். மூன்றாம் நாள் வாட்சன் 71. இப்போது அவர் ஒருவரே முன்னணி. 59 வயதில் ஒருவர் பெரும் பந்தயத்தின் மூன்றாம் நாள் முடிவில் தனித்து முன்னிற்பது அதற்குமுன் நடந்ததில்லை.

அவருடைய தடிப்பையைச் சுமந்து உடன் நடந்தவரைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். அப்பணியாளரைக் ‘கேடி’ என்பார்கள். நம் ஊரில் அச்சொல்லுக்கு வேறு பொருள். அதற்கு நான் பொறுப்பில்லை. 1973 முதல் வாட்சனிடம் பணியாற்றியவர் புரூஸ் எட்வர்ட்ஸ். தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும் ஒரு நரம்பு நோயால் அவர் 2004-இல் காலமானார். டர்ன்பெரியில் பையைச் சுமந்த நீல் ஆக்ஸ்மன் அந்தப் புரூஸின் நண்பர். தேர்தல் ஆலோசனைத் தொழில் செய்தவர்.

நான்காம் நாளுக்கு வருவோம். ராஸ் பிஷர் என்னும் ஆங்கிலேய இளைஞர் இடையில் முன்னேறினார். ஐந்தாம் குழியில் எட்டு அடிகள் செலவிட்டு வீழ்ந்தார். லீ வெஸ்ட்வுட் நெருங்கினார். கடைசிக் குழியில் மூன்று முறை தட்ட நேர்ந்து ஓரடியில் வாய்ப்பை இழந்தார். ஸ்டூவர்ட் சிங்க் என்னும் 36 வயது அமெரிக்கர் கடைசிக் குழியில் நல்ல தொலைவிலிருந்து தட்டிய பந்தைக் குழிக்குள் அனுப்பி, மொத்தம் 278 அடிகளில் முடித்துக் காத்திருந்தார். வாட்சன் பதினேழாம் குழியில் ஓரடி மிச்சம் பிடித்தார். கடைசிக் குழியை வழக்கமான நான்கு அடிகளில் முடித்தால் வெற்றி அவருக்கு.

முதல் அடி, நடுப்பாதையில் நேராக விழுந்தது. இரண்டாம் அடிக்கு எட்டாம் எண் இரும்புத் தடியா, ஒன்பதாம் எண்ணா என்ற கேள்வி எழுந்தது. ஒன்பதாம் எண் பந்தைச் சற்றுக் குறைந்த தொலைவுக்கே அனுப்பும். வாட்சன் எட்டை எடுத்தார். நினைத்தபடியே அடித்ததாக அவர் பின்னர்ச் சொன்னார். ஒன்பதும் மனத்தில் இருந்தது என்றும் சொன்னார். பந்து கொடியை நோக்கியே பறந்தது. புல்தரையில் விழுந்தது. துள்ளியது. நிற்கவில்லை. உருண்டு, குழியைத் தாண்டி, பின்புறச் சரிவின் புல்லில் போய் ஒதுங்கியது.

மாணவர்களே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். நான்கு நாட்களாக வாட்சனுக்குத் துணைநின்றது எது? இறுகிய தரை. அதன் துள்ளலையும் ஓட்டத்தையும் பிறரினும் நன்கு அறிந்ததே அவரை முன்னிறுத்தியது. அதே தரையின் ஒரு துள்ளல்தான் இப்போது அவருக்கு எதிராயிற்று. மெத்தென்ற உள்நாட்டுத் திடலாயின் அந்தப் பந்து நின்றிருக்கும். அத்தகைய திடலில் அவர் அந்த நிலைக்கு வந்திருக்கவும் மாட்டார். நன்கு அடித்த அடி தண்டிக்கப்பட்டது என்று பலர் வருந்தி எழுதினார்கள். கடலோர மணற்றரையை நம்பி ஆடுகிறவன் அதன் கணக்கையும் ஏற்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். வாட்சனும் தரையைக் குறைகூறவில்லை.

சரிவிலிருந்து பந்தைத் தட்டினார். அது குழியைக் கடந்து இரண்டரைக் கெஜத்துக்குச் சற்று மேலாகச் சென்றது. இனி ஒரே தட்டு. அது விழுந்தால் ஆறாம் வெற்றி. முன்பு அவரை வாட்டிய தொலைவு சரியாக இதுதான். கைகளில் உறுதி இல்லை. பந்து வலுவின்றிப் புறப்பட்டுக் குழியைத் தொடாமலே விலகியது. காலரி முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. வாட்சனும் சிங்கும் 278-இல் சமம்.

இருவர் மட்டும் மேலும் நான்கு குழிகள் ஆடினர். அதை விரித்துரைக்க எனக்கு விருப்பமில்லை. சிங்க் 14 அடிகள், வாட்சன் 20 அடிகள். பதினேழாம் குழி ஒன்றிலேயே வாட்சனுக்கு ஏழு அடிகள் ஆயின. கால்கள் ஓய்ந்துவிட்டன என்பது பார்த்தோர்க்கெல்லாம் தெரிந்தது. நான்கு நாட்களில் 72 குழிகளுக்குத் தாங்கிய உடல் 76 குழிகளுக்குத் தாங்கவில்லை.

சிங்கைப் பற்றி நாம் நியாயமாகப் பேச வேண்டும். அன்று திடலில் இருந்தோருள் பெரும்பாலோர் அவர் வெல்வதை விரும்பவில்லை. பின்னர் எழுதியவர்களும் அவரை ஒரு விருந்தைக் கெடுத்தவர்போலவே எழுதினார்கள். அவரும் ஒரு வடுவைச் சுமந்தவர்தான். 2001-இல் அமெரிக்க ஓப்பன் பந்தயத்தின் கடைசிக் குழியில், ஒரு முழத் தொலைவில் கிடந்த பந்தை அவசரமாகத் தட்டித் தவறவிட்டார். அந்த ஓரடியால் வெற்றிக்கான கூடுதல் ஆட்டத்தில் இடம் இழந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, கடைசிக் குழியில் தவறாமல் தட்டி, கூடுதல் நான்கு குழிகளிலும் ஒரு பிழையும் இன்றி ஆடியவர் அவரே. வெள்ளிக் கூசாவில் பொறித்திருக்கும் பெயர் அவருடையது. அது உரிமையோடு பெற்ற பெயர். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நம் பாடநூல்களில் தோற்றவர்களை மறப்பது ஒரு பிழை, தோற்றவரிடம் கொண்ட அன்பினால் வென்றவரை மறப்பது இன்னொரு பிழை.

மாலையில் செய்தியாளர் கூடத்துக்கு வாட்சன் வந்தபோது அங்கே எல்லோர் முகமும் வாடியிருந்தது. இது ஒன்றும் சாவு வீடு இல்லையே என்று அவர்தாம் அவர்களைத் தேற்றினார். ஆயினும் வேதனையை அவர் மறைக்கவில்லை. வயிற்றைப் பிசைகிறது, எப்போதும் பிசைந்ததுபோலவே என்றார். எனக்கு அவர் சொன்ன முதற்சொல்லைவிட இரண்டாம் சொல்லே பிடித்திருக்கிறது. இளமையில் தோற்றபோது எவ்வளவு வலித்ததோ அவ்வளவே 59-லும் வலித்தது. நான் பணியாற்றிய காலத்தில் ஆசிரியர்களுக்கு 58 வயதில் ஓய்வு. மாலையிட்டு, சால்வை போர்த்தி, இனி உங்களுக்கு ஒரு கவலையும் இல்லை என்று வழியனுப்பினார்கள். கவலை இல்லாமற்போவது அவ்வளவு இன்பமானதா என்று எனக்கு ஐயம் இருந்துகொண்டே இருந்தது.

ஓப்பன் பந்தயத்தை மிக மூத்த வயதில் வென்றவர் யார் என்று கேட்பீர்கள். டர்ன்பெரிக்கு வடக்கே அதே ஏர்ஷயர்க் கடற்கரையில் உள்ளது பிரெஸ்ட்விக். 1860-இல் எட்டுப் பேரே கலந்துகொண்ட முதல் ஓப்பன் பந்தயம் அங்கேதான் நடந்தது. 1867-இல் அங்கே நான்காம் முறையாக வென்ற டாம் மாரிஸுக்கு அப்போது வயது 46. திடலைக் காத்துப் பேணும் வேலை செய்து பிழைத்தவர் அவர். அடுத்த ஆண்டு அவரைத் தோற்கடித்து வென்றவன் அவர் பெற்ற மகன், பதினேழு வயது இளைய டாம். போரோஸின் 48 வயதுச் சாதனையை 2021-இல் அமெரிக்காவின் கியாவா தீவில் பில் மிக்கல்சன் தம் 50-ஆம் வயதில் முறியடித்தார். அதுவும் கடற்காற்று வீசும் திடல் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முன்னாள் வெற்றியாளர்கள் 60 வயது வரையே தகுதித் தேர்வின்றி ஓப்பனில் ஆடலாம் என்பது அந்நாளைய விதி. 2009-இன் ஆட்டத்தைக் கண்டபின் அதிகாரிகள் அதற்கு ஒரு விலக்குச் சேர்த்தார்கள்: முதல் பத்து இடங்களுக்குள் வரும் முன்னாள் வெற்றியாளர் மேலும் ஐந்து ஆண்டுகள் ஆடலாம். வாட்சன் 2015 வரை வந்து ஆடினார். அவ்வாண்டு பந்தயம் செயின்ட் ஆண்ட்ரூஸில். இரண்டாம் நாள் காலை பெய்த மழையால் ஆட்டம் தாமதமாயிற்று. 65 வயதான வாட்சன், மகன் மைக்கேல் தடிப்பையைச் சுமந்து உடன்வர, கடைசிக் குழியை அடைந்தபோது இருட்டிவிட்டது. அத்திடலில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு பெயர் உண்டு. பதினெட்டாம் குழியின் பெயர் டாம் மாரிஸ்.